நோய் தெரிந்த பிறகு: நோயாளி மேலாண்மையும் சிக்கல்வழிக் கற்றலும்

டெங்குக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க இறுதியாண்டு மாணவருக்கு அதிக நேரம் பிடிக்காது. நாலு நாள் காய்ச்சல், உடம்புவலி, என்.எஸ்.1 பாசிட்டிவ், இறங்கிக்கொண்டே வரும் தட்டணுக்கள் என்று மழைக்காலத்தில் தமிழ்நாட்டு மருத்துவ வார்டுகளில் தினமும் கேட்கும் கதைதான் அது. கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எவ்வளவு திரவம் ஏற்றுவது, எந்த வேகத்தில், எப்போது குறைப்பது, எப்போது அடியோடு நிறுத்துவது? உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டியில் இதற்கான எண்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றை வாய்ப்பாடு போல ஒப்பிக்கும் ஹவுஸ் சர்ஜனும் நள்ளிரவில் படுக்கையருகே நின்று திணறுகிறார். ஒரு நோயாளியின் கதையைச் சிறு குழுவில் அலசிக் கற்கும் சிக்கல்வழிக் கற்றல் இந்தத் திணறலைப் போக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நாம் இன்று நடத்தும் வடிவத்தில் அது போக்காது என்பது என் வாதம். நம் வகுப்பறைச் சிக்கல்கள் நோயின் பெயர் தெரிந்ததும் முடிந்துவிடுகின்றன.

இந்தக் குறைக்கு ஒரு வரலாறு உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தன் முதல் மருத்துவ மாணவர்களைச் சேர்த்தபோது, உடற்கூறியல், உடலியங்கியல் என்று தனித்தனியாக விரிவுரை நடத்துவதை விட்டுவிட்டு, சிறு குழுக்களின் முன் ஒரு நோயாளியின் கதையை வைத்தது. அடிப்படை அறிவியலை நோயாளி வழியாகக் கற்கவைப்பதே முதல் நோக்கம். 1974இல் தொடங்கிய நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பள்ளி இதை ஏழு படிகளாக வகுத்துக் கொடுத்தது. அந்தப் படிகளைக் கூர்ந்து பார்த்தால் ‘இது ஏன் நடக்கிறது?’ என்பதே அவற்றின் மையக் கேள்வி என்பது புலப்படும். கால் ஏன் வீங்கியது, மூச்சு ஏன் இரைக்கிறது என்று விளக்கத் தெரிந்தால் போதும், சிக்கல் தீர்ந்ததாகக் கொள்ளப்படும். விளக்கம் கிடைத்த மாணவர் நோயாளிக்கு என்ன செய்யப்போகிறார் என்பதை யாரும் கேட்பதில்லை.

முன்னோடிகளுக்கு இது தெரியாமல் இல்லை. மெக்மாஸ்டரில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், ராபின் டாம்ப்ளினுடன் சேர்ந்து 1970களில் ஓர் அட்டைக்கட்டை உருவாக்கினார். மாணவர் தாம் விரும்பும் வரிசையில் அட்டைகளை எடுத்து நோயாளியிடம் கேள்வி கேட்கலாம், உடலைச் சோதிக்கலாம், சிகிச்சையும் கொடுக்கலாம். அட்டையைத் திருப்பினால் விளைவு தெரியும். உலகெங்கும் பரவியதோ இந்த அட்டைக்கட்டல்ல, மேசையைச் சுற்றி உட்கார்ந்து விவாதிக்கும் வடிவம். அதுதானே செலவில்லாதது!

மேலாண்மையைக் கற்பிக்கும் சிக்கல் எப்படி இருக்க வேண்டும்? டெங்குவையே எடுத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள இளைஞர். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டார் நிம்மதியடைந்திருக்கிறார்கள். ஆனால் அவருக்கு வயிற்றுவலி, நிற்காத வாந்தி. இரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடான ஹீமடோக்ரிட் முதல் நாள் 42, இப்போது 49. மாணவருக்குத் தரும் முதல் தாளில் இவ்வளவுதான் இருக்கும். காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் இரத்தநாளங்களிலிருந்து பிளாஸ்மா கசியத் தொடங்கும் என்பதை மாணவர் இங்கே உணர வேண்டும். அடுத்த தாளைக் கொடுக்கும் முன் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தம் ஆர்டரை எழுதித் தர வேண்டும். மணிக்குக் கிலோவுக்கு 5 முதல் 7 மில்லி என்ற கணக்கில் 300 முதல் 420 மில்லி வரும். அதோடு விட்டுவிடக் கூடாது. அடுத்து எப்போது வந்து பார்ப்பீர்கள், எதைப் பார்த்தால் இந்த வேகத்தை மாற்றுவீர்கள் என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வரிகளை எழுதும்போதுதான் பெரும்பாலோர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு யோசிப்பார்கள்.

இரண்டாம் தாளில் நாடி சீராகிறது, சிறுநீர் நன்றாகப் பிரிகிறது, ஹீமடோக்ரிட் 46. வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம். மூன்றாம் தாள் மறுநாளையது, அதை இரண்டு விதமாக அச்சிட்டுக் குழுவில் பாதிப் பாதியாகக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் ஹீமடோக்ரிட் 37, தட்டணுக்கள் 22,000. ஒன்றில் நாடி 84, கை கால் வெதுவெதுப்பாக இருக்கின்றன, பசிக்கிறது என்கிறார். மற்றொன்றில் நாடி 128, உள்ளங்கை சில்லிட்டிருக்கிறது, இரத்த அழுத்தம் 100/84. முதலாமவரின் உடலில் கசிந்த திரவம் நாளங்களுக்குத் திரும்புகிறது. இப்போதும் டிரிப்ஸை ஓடவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டாமவருக்கு எங்கோ உள்ளே இரத்தம் கசிகிறது, அவருக்குத் தேவை இரத்தம். கையிலிருப்பது ஒரே எண், ஆனால் சிகிச்சை நேரெதிர். இரு பாதியினரும் தத்தம் ஆர்டரைச் சத்தமாகப் படிக்கும்போது கிளம்பும் சச்சரவை எந்த விரிவுரையாலும் கிளப்ப முடியாது. வெளியே காத்திருக்கும் உறவினர் “பிளேட்லெட் ஏத்தலையா டாக்டர்?” என்று கேட்பதாக ஒரு வரியும் சேர்க்கலாம். இரத்தக்கசிவு இல்லாதபோது எண்ணைப் பார்த்துத் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை என்பதை அறிவது ஒரு திறன், உறவினருக்கு அதைப் புரியவைப்பது வேறொரு திறன்.

இம்முயற்சிக்கு முன்பே ஒரு தோல்வி உண்டு. அமெரிக்காவில் 1960களில் நோயாளி மேலாண்மைச் சிக்கல்களைத் தாளில் வைத்துத் தேர்வு நடத்தினார்கள். விடையை மூடியிருக்கும் பூச்சை அழித்தால் விளைவு தெரியும். அட்டைக்கட்டின் உறவுக்காரர் என்றே சொல்லலாம். ஆனால் அதில் எல்லாவற்றையும் கேட்டு, எல்லாப் பரிசோதனையும் எழுதுபவருக்கே மதிப்பெண் குவிந்தது. சுருக்கமாக, நேராகச் செல்லும் அனுபவசாலி பின்தங்கினார். ஒரு சிக்கலில் தேறியவர் அடுத்ததில் தேறுவார் என்ற உறுதியும் இல்லை. மருத்துவர்கள் சிந்திக்கும் விதத்தை ஆராய்ந்த எல்ஸ்டைனும் கூட்டாளிகளும் 1978இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. எந்த நோய்க்கும் பொருந்தும் ‘தீர்க்கும் திறமை’ என்று தனியாக ஒன்றில்லை, அது அந்தந்த நோயைப் பற்றிய அறிவோடு ஒட்டியது. ஆகவே டெங்குவில் கற்றது பாம்புக்கடியில் தானாக வந்து உதவாது. கனடாவில் பேஜும் போர்டாஜும் வகுத்த முக்கியக்கூறு முறை இதற்கு ஒரு மாற்று வழி காட்டியது. சறுக்க வாய்ப்புள்ள இரண்டு மூன்று முடிவுகளை மட்டும் கேள், ஆனால் பல நோயாளிகளைப் பற்றிக் கேள்.

சிக்கல்வழிக் கற்றலுக்கு எழும் எதிர்ப்புகளில் ஒன்று வலுவானது. கல்வி உளவியலாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை, வழிகாட்டலின்றி விடப்படும் புதியவரின் மனம் சுமை தாங்காமல் போகிறது என்றது. இதை ஏற்றுக்கொண்டே மேலே செல்லலாம். திரவ அளவுகளின் அட்டவணையை மாணவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, முதலிலேயே கையில் கொடுத்துவிடலாம். அவர் பழக வேண்டியது அட்டவணையின் எந்த வரியில் நோயாளி இப்போது நிற்கிறார் என்ற தீர்ப்பு.

இதையெல்லாம் வார்டிலேயே கற்கலாமே என்பது மூத்த பேராசிரியர்கள் வழக்கமாகச் சொல்வது. ரவுண்ட்ஸில் டிரிப்ஸைக் குறை என்று சொல்லப்படுகிறது, ஹவுஸ் சர்ஜன் எழுதிக்கொள்கிறார். ஏன் என்று கேட்க அவருக்கும் நேரமில்லை, சொல்லப் பேராசிரியருக்கும் நேரமில்லை. முடிவைப் பார்ப்பதும் முடிவெடுப்பதும் ஒன்றல்ல. நிஜ நோயாளி மேல் மாணவரைத் தவறு செய்யவிட முடியாது, தாளில் விடலாம்.

ஆள்பலக் கணக்கையும் மறைக்கக் கூடாது. 250 பேர் சேரும் கல்லூரியில் எட்டுப் பேருக்கு ஒரு குழு என்றால் 31 குழுவுக்கு மேல் வரும். அத்தனை ஆசிரியர்கள் எந்தத் துறையிலும் இல்லை. ஆர்டரைத் தனித்தனியாக எழுதி வாங்கிவிட்டால் பெரிய அரங்கிலும் இதை ஓரளவு நடத்தலாம், ஒருவர் பேச ஏழு பேர் தலையாட்டும் குழுவைவிட அது மேல். இந்தியாவில் 2019இல் வந்த திறன்சார் பாடத்திட்டம் இதற்கு இடமளிக்கிறது. இடமளிக்காதது தேர்வு. ‘டெங்குவின் மேலாண்மையை விவரி’ என்ற பத்து மதிப்பெண் வினா இருக்கும்வரை மாணவர் அட்டவணையை மனப்பாடம்தான் செய்வார். அதே பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு நோயாளியின் 24 மணிநேரப் பதிவேட்டை வினாத்தாளில் அச்சிட்டு, மூன்று இடங்களில் கோடு போட்டு, “இந்த நேரத்தில் உங்கள் ஆர்டர் என்ன, ஏன்?” என்று கேட்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை, வினாத்தாள் தயாரிப்பவர் ஒரு கேஸ் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.