கமாடோ புகையடுப்பு

கமாடோ புகையடுப்பு: தடித்த பீங்கான் சுவரும் குவிந்த மூடியும் கொண்டு, மரக்கரியில் எரியும் முட்டை வடிவ அடுப்பு. காற்று நுழைய அடியில் ஒரு வாயும், புகை வெளியேற உச்சியில் ஒரு வாயும் உண்டு. இரண்டையும் சிறு கீற்றாகத் திறந்து வைத்தால் 110 டிகிரி செல்சியஸில் ஆட்டுத்தொடையை இரவு முழுவதும் புகையில் வேகவைக்கலாம். அகலத் திறந்தால் வெப்பம் 350 டிகிரியைத் தாண்டும், நான் ரொட்டியும் பீட்சாவும் சுடலாம்.

அமெரிக்க வீட்டுத் தோட்டங்களுக்காக இன்றைய வடிவத்தைப் பெற்ற இந்த அடுப்பு இந்திய நகரங்களிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. புனேயின் விமான் நகர் போன்ற அடுக்கக வட்டாரத்தில் இதை வாங்க நினைப்பவர் முதலில் விசாரிப்பது விலையை. விசாரிக்க வேண்டியது எடையை. பிக் கிரீன் எக் நிறுவனத்தின் ‘லார்ஜ்’ அளவு, அதாவது சுமார் 46 சென்டிமீட்டர் விட்டமுள்ள கம்பி வலை கொண்டது, ஏறத்தாழ 73 கிலோ. அதற்கு அடுத்த பெரிய அளவு 100 கிலோவைத் தொடுகிறது. எடையை ஒரு தொல்லையாகவே பலரும் பேசுகிறார்கள். ஆனால் இந்த அடுப்பு செய்யும் வேலை முழுவதும் அந்த எடையால்தான் நடக்கிறது.

மெல்லிய இரும்பு டிரம்மில் நெருப்பிட்டால் வெப்பம் தகட்டின் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டப் பெரிய நெருப்பு வேண்டும். பெரிய நெருப்புக்கு நிறையக் காற்று வேண்டும். அந்தக் காற்று உள்ளே புகுந்து வெளியே போகும்போது இறைச்சியின் ஈரத்தையும் கூட்டிச் செல்லும். கனமான பீங்கான் சுவர் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் மெல்லத் திருப்பித் தருகிறது. சிறு கனல் போதும் என்பதால் சிறிதளவு காற்றே போதும். ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. தோள்பட்டை, தொடை போன்ற கடினமான துண்டுகளிலுள்ள கொலாஜன், 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் கிடந்தால்தான் கூழாக இளகும். அவ்வளவு நேரத்தையும் இறைச்சி வறண்டுபோகாமல் தாங்குவதற்குத்தான் இத்தனை கனமான சுவர்.

தொல் வரலாறு

நெருப்பை மண் சுவருக்குள் அடைத்துச் சமைக்கும் முறை இந்தியாவில் மிகப் பழையது. ராஜஸ்தானின் காளிபங்கனில் 1960 முதல் பி. பி. லால், பி. கே. தாபர் ஆகியோர் நடத்திய அகழாய்வில், ஹரப்பாக் கால நகரம் எழுவதற்கு முந்தைய அடுக்கிலேயே மண் பூசிய அடுப்புகள் கிடைத்தன. தரைக்குக் கீழே அமைந்தவை, தரைக்கு மேலே எழுப்பியவை என இரு வகை. இன்றைய தந்தூரை அறிந்த எவருக்கும் அவற்றின் அமைப்பு பழக்கமானதாகவே தோன்றும்.

விமான் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், எரவாடாவில் இருக்கிறது டெக்கான் கல்லூரி. அங்கிருந்து எச். டி. சங்காலியா, எம். கே. தவளிகர், இசட். டி. அன்சாரி முதலியோர் 1968 தொடங்கி 1983 வரை இனாம்காவில் தோண்டினார்கள். புனே மாவட்டத்தில் கோட் ஆற்றங்கரையிலுள்ள இந்தச் செப்புக்கால ஊரில் கி.மு. 1600 வாக்கில் மக்கள் குடியேறி, கி.மு. 700 வரை வாழ்ந்திருக்கிறார்கள். வீட்டடுப்புகள், நெருப்புக் குழிகள், மட்பாண்டச் சூளை எல்லாம் அங்கே வெளிப்பட்டன. மாடு, ஆடு, மான், முயல், ஆமை, மீன் என்று பலவற்றின் எலும்புகளும் கிடைத்தன. பலவற்றில் வெட்டுத் தழும்புகள் இருந்தன. புனே மண்ணில் நெருப்புக்கும் இறைச்சிக்கும் களிமண்ணுக்கும் உள்ள உறவைப் பேச, கடல் கடந்து வந்த அடுப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தமிழகத்திலும் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைப் பற்றிப் பொருநராற்றுப்படை பேசுகிறது. ஆனால் அது திறந்த கனலில் சுடுவது. அடைத்த நெருப்பின் கதை வேறு.

அடைத்த நெருப்புக்கு மராட்டிய நாட்டின் நல்ல எடுத்துக்காட்டு, ராய்கட் மாவட்டக் கொங்கண் கடற்கரையின் போப்டி. குளிர்காலத்தில் மொச்சையைப் போன்ற ‘வால்’ அவரை காய்த்ததும், மண்பானைக்குள் பாம்புர்டா என்னும் வாசனை இலையைப் பரப்பி, அவரைக்காய், முட்டை, மசாலா தடவிய கோழி ஆகியவற்றை அடுக்குவார்கள். வாயையும் அதே இலையால் அடைத்துப் பானையைக் கவிழ்த்து வைத்து, சுற்றிலும் சருகும் சுள்ளியும் போட்டு எரிப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. காயின் ஈரத்திலும் இலையின் புகையிலும் எல்லாம் வெந்துவிடும். கமாடோவில் நடப்பதும் இதுவே. கனல் பானைக்கு வெளியே இருப்பதும், சமையல் முடிந்ததும் பானை கைவிடப்படக்கூடியது என்பதும்தான் வேறுபாடு. போப்டியை ஒரு வட்டாரக் கேளிக்கை என்று சுருக்கிவிடுகிறார்கள். நீரில்லாச் சமையலின் மிகத் தெளிந்த வடிவங்களில் அதுவும் ஒன்று.

தந்தூர்

வடக்கில் தந்தூர் தனி வழியில் வளர்ந்தது. 1300 வாக்கில் தில்லி அரசவையில் வழங்கிய நான் ரொட்டியைப் பற்றிக் கவிஞர் அமீர் குஸ்ரோ குறிப்பிடுகிறார். பஞ்சாபிக் கிராமங்களில் பல வீடுகளுக்கு ஒரு தந்தூர் இருந்தது. பெண்கள் பிசைந்த மாவோடு வந்து முறை வைத்துச் சுட்டுப் போனார்கள். ஒரு வீட்டுக்கென்று தனியே சூடேற்றக் கட்டுப்படியாகாத அளவுக்கு அந்த மண் சுவர் விறகைத் தின்றது. எனவே அடுப்பு ஊர்ப்பொதுவானது. இங்கும் எடைதான் வழக்கத்தை அமைத்தது.

1947 பிரிவினை இந்த அடுப்பைத் தில்லிக்கு நகர்த்தியது. பெஷாவரிலிருந்து வந்த குந்தன் லால் குஜ்ரால், குந்தன் லால் ஜக்கி முதலியோர் தரியாகஞ்சில் மோதி மகால் உணவகத்தைத் தொடங்கினார்கள். தந்தூரி கோழி அங்கிருந்து நாடெங்கும் பரவியது. பட்டர் சிக்கனை ஆக்கியவர் யார் என்பதில் இவ்விரு குடும்பத்தாரின் நிறுவனங்கள் 2024இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன.

தந்தூருக்கும் கமாடோவுக்கும் இடையிலுள்ள பெரிய வேற்றுமை மூடி. தந்தூரின் வாய் பெரும்பாலும் திறந்தே இருக்கும். வெப்பம் 400 டிகிரியைத் தாண்டும். கோழி சில நிமிடங்களில் வெந்து விளிம்பு கருகும். முழு ஆட்டுத்தொடை சுடும்போது மட்டும் சமையற்காரர் வாயை மூடிவைப்பார். அந்த நேரத்தில் தந்தூரும் ஒரு கமாடோவே.

ஜப்பானிலிருந்து அட்லாண்டாவுக்கு

ஜப்பானியர்கள் கமாடோ என்றழைப்பது சோறாக்கும் மண் அடுப்பை. கொரியத் தீபகற்பத்தின் வழியே கி.பி. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் அது ஜப்பானுக்குள் வந்தது. அடுப்புக்கென்று கோஜின் என்னும் தெய்வத்தை வைத்து இன்றும் வணங்கும் வீடுகள் அங்கே உண்டு. அந்த நிலையான அடுப்பிலிருந்து பிறந்தது, குவிந்த மூடியும் அடியில் காற்று வாயும் கொண்ட முஷிகமாடோ. சோற்றுப்பானையை உள்ளே இறக்கிவைக்கும் உருண்டையான மண் கலம் அது. அடுப்பு இங்கேதான் தரையை விட்டு எழுந்து, இடம் மாற்றத் தக்கதானது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1945 முதல் 1952 வரை ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படையினர் இந்தக் கலத்தைக் கண்டார்கள். சோற்றுக்குப் பதில் இறைச்சி வைத்துப் பார்த்தார்கள். சிலர் தாயகம் திரும்பும்போது எடுத்தும் சென்றார்கள். 1974இல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டா நகரில் பச்சிங்கோ விளையாட்டு இயந்திரங்களோடு இந்த அடுப்புகளையும் இறக்கி விற்றார். அடுப்பு வென்றது. ஆனால் பழைய களிமண் உடல், சோறாக்கும் மிதமான சூட்டுக்கு ஏற்றது. அமெரிக்கர்கள் ஏற்றிய கடும் வெப்பத்தையும் வெட்டவெளிக் குளிரையும் மாறி மாறித் தாங்காமல் சில ஆண்டுகளில் விரிசல் விட்டது. ஃபிஷர் தொழிற்சாலைப் பீங்கானுக்கு மாறினார். உற்பத்தி மெக்சிகோவின் மான்டெர்ரேயில் அமைந்தது. சுவரின் உள்ளே தனி நெருப்புக் கிண்ணம், அது விரியவும் சுருங்கவும் இடைவெளி, மூடிக்கும் உடலுக்கும் நடுவே கம்பளிப் பட்டை, மேலே பச்சை மெருகு என்று இன்றைய பிக் கிரீன் எக் உருவானது. 2009இல், அட்லாண்டா இருக்கும் அதே ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய கமாடோ ஜோ சிவப்பு நிறத்தில் போட்டிக்கு வந்தது. பிரைமோ நிறுவனம் நீள்வட்ட வடிவத்தைக் கொண்டுவந்தது. ஒரு பாதியில் கனல், மறுபாதியில் இறைச்சி என்று பிரித்து வைக்க அது வசதி. இப்போது சீனாவில் வார்க்கப்படும் மலிவான கமாடோக்களும் நிறைய.

விமான் நகரில் வாங்குதல்

லோகேகாவ் விமான நிலையத்தை ஒட்டிய விமான் நகரில் தோட்டமுள்ள தனி வீடுகள் குறைவு. அடுப்பு பெரும்பாலும் பால்கனிக்கோ, வீட்டோடு சேர்ந்த திறந்த மாடிக்கோ, அடுக்ககச் சொசைட்டியின் பொது மொட்டைமாடிக்கோ போகவேண்டும். ஐஎஸ் 875 இந்தியத் தரவிதியின் இரண்டாம் பகுதி (1987), ஆள் நடமாடும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ, குடியிருப்புப் பால்கனிக்கு அதைப்போல் இருமடங்கு என்று சுமைக் கணக்கு வைக்கிறது. 73 கிலோ அடுப்பு, இரும்புத் தாங்கி, கரி, பக்கத்தில் நிற்கும் இருவர் எல்லாம் சேர்ந்தால் மொட்டைமாடிக் கணக்கு விரைவில் நிரம்பும். கிரானைட் மேடை கட்டி அதில் அடுப்பைப் பதிக்க விரும்புபவர் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது. மொட்டைமாடி பொதுச்சொத்து என்பதால் சொசைட்டியின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியில் எந்த மரக்கரி அடுப்பையும் பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது உயிரைக் குடிக்கும்.

தூக்கும்போது மூடியின் கீலைப் பிடிக்கக் கூடாது. உள்ளிருக்கும் கிண்ணம், வளையம், வலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உடலை இரண்டு மூன்று பேர் அடியோடு பிடித்து நகர்த்த வேண்டும். புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை; மெருகில்லாத உட்பகுதி ஈரத்தை உறிஞ்சும். ஈரமான பீங்கானில் எடுத்த எடுப்பில் கடுந்தீ மூட்டினால் நீராவியே அதைப் பிளந்துவிடும். மழைக்குப் பின் முதல் நெருப்பு மெதுவான நெருப்பாக இருக்கட்டும். இன்னொன்று: கடும் சூட்டில் மூடியை ஒரேயடியாகத் திறந்தால், காற்றில்லாமல் தேங்கிய வாயுக்கள் குபீரென்று பற்றி முகத்தில் அடிக்கும். இரண்டு விரல் அளவு தூக்கிச் சற்றுப் பொறுத்துத் திறப்பதே முறை.

என்ன சமைப்பது என்பதையும் இடமே தீர்மானிக்கிறது. அமெரிக்கக் கமாடோவின் புகழ்பெற்ற பண்டம் மாட்டு நெஞ்சுக்கறி. மகாராஷ்டிரத்தில் பசுவதை முன்பே தடையில் இருந்தது. 2015 மார்ச் முதல் காளையையும் எருதையும் அறுப்பதும் தடை. எனவே புனேயில் இந்த அடுப்பில் ஏறுவது ஆட்டுத்தொடை, பன்றித் தோள், கோழி, மீன், பனீர். விமான நிலையத்துக்கு அருகில் இருப்பதால் ஒரு தனிக் கடமையும் சேர்கிறது. 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதி, நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் கழிவுகளை வெளியே போடுவதைத் தடுக்கிறது. மொட்டைமாடியில் மிஞ்சிய எலும்பைப் பருந்துக்கு வீசுவது இங்கே விமானத்துக்கே ஆபத்தாகலாம்.

எரிபொருள்

துண்டு துண்டான அசல் மரக்கரியே கமாடோவுக்கு ஏற்றது. மாவு சேர்த்து அழுத்திய கட்டிகள் சாம்பலை நிறைத்துக் காற்று வழியை அடைத்துவிடும். இந்தியாவில் கிடைக்கும் நல்ல கரியில் பெரும்பங்கு சீமைக்கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டு எடுக்கப்படும் கரி லாரிகளில் வெளிமாநிலங்களுக்கும் போகிறது. மண் பூசிய மூட்டத்துக்குள் காற்றை அளந்துவிட்டு மரத்தை எரியவிடாமல் கரியாக்கும் அந்தத் தொழிலாளியின் கைத்திறனும், கமாடோவின் காற்று வாயைத் திருகுபவரின் கைத்திறனும் ஒன்றே. முன்னவர் அதை வெயிலிலும் புகையிலும் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறார். சமையல் நூல்கள் அவரைக் குறிப்பிடுவதே இல்லை.

காற்று மாசு காரணமாக, மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளும் உணவகங்களும் ஆறு மாதத்துக்குள் தூய எரிபொருளுக்கு மாறவேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தில்லி வட்டாரத்தில் காற்று கெடும் நாட்களில் உணவகத் தந்தூர்களில் கரிக்கும் விறகுக்கும் தடை வருகிறது. இவை வணிகச் சமையலுக்கானவை. என்றாலும் அண்டை வீட்டு ஜன்னல் பத்தடி தொலைவில் உள்ள அடுக்ககத்தில் புகையைப் பற்றிய கேள்வி எழாமல் இராது. ஒருமுறை நிரப்பிய கரி, குறைந்த சூட்டில் கமாடோவில் 12 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இரு வாய்களையும் அடைத்தால் கனல் அணைந்து மிச்சக் கரி அடுத்த சமையலுக்கு உதவும். திறந்த வாயோடு நாள் முழுவதும் எரியும் தந்தூரைவிட இது மிகக் குறைவான செலவு.

ரொட்டியும் கபாபும் மட்டும் போதும் என்பவருக்குக் கமாடோ தேவையில்லை. இரும்பு டிரம்முக்குள் களிமண் கூடு வைத்துக் கட்டிய உள்நாட்டுத் தந்தூர் குறைந்த விலையில் அந்த வேலையை நன்றாகவே செய்யும். பத்து மணி நேரம் புகையில் கிடத்தும் சமையலில் மனம் உள்ளவருக்கு மட்டுமே அந்த 73 கிலோ சுமை வேலைக்கு ஆகும்.