பழைய கார்களின் வண்ணப்பூச்சுப் பராமரிப்பு: மதுரை வட்டார வரலாறு

பழைய கார்களின் வண்ணப்பூச்சுப் பராமரிப்பு என்பது, பல ஆண்டுகள் ஓடிய மகிழுந்துக்கு முழுவதுமாகப் புது பெயிண்ட் அடிக்காமல், இருக்கிற பூச்சையே குறைந்த செலவில் மங்காமல் வைத்திருக்கும் முறைகளைக் குறிக்கும். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் இது டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைகளோடு சேர்ந்து வளர்ந்த பழக்கமாகும். ஒரு நூற்றாண்டில் கார்ப் பூச்சின் வேதியியல் அடியோடு மாறிவிட்டது. அதைத் துடைத்துத் தேய்க்கும் பழக்கம் மட்டும் பழைய பூச்சுக்கு ஏற்றதாகவே நின்றுவிட்டது. இன்று பல வண்டிகள் தோல் உரிந்ததுபோல் நிற்பதற்கு வெயிலோடு இதுவும் ஒரு காரணம்.

தொடக்கக் காலம்

மதுரையின் மோட்டார் வரலாறு டி. வி. சுந்தரம் அய்யங்காரோடு பிணைந்தது. 1911இல் அவர் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் பேருந்துப் போக்குவரத்திலிருந்து வண்டி விற்பனைக்கும் பழுதுபார்ப்புக்கும் விரிந்தது; ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விற்பனை உரிமையையும் பெற்றது. அந்நாளைய கார்களுக்குக் குதிரை வண்டிகளுக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷ் வகைப் பூச்சே பூசப்பட்டது. பல பூச்சுகள் பூசி, ஒவ்வொன்றும் உலரக் காத்திருந்து, ஒரு வண்டியை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றதற்கு, உற்பத்தியை விரைவுபடுத்தும் தேவை ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதை மாற்றியது டூபாண்ட் நிறுவனத்தின் 'டூக்கோ' எனும் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் 1924 மாடலுக்கு இது நீல நிறத்தில் வந்தது. நிமிடக் கணக்கில் உலரக்கூடியது. துப்பாக்கி போன்ற கருவியால் தெளிக்கக்கூடியது. அந்த வணிகப் பெயர் இந்தியாவில் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. கம்ப்ரஸர் வைத்து அடிக்கும் பெயிண்ட் எதுவானாலும், மர அலமாரிக்கு அடிப்பதானாலும், 'டூக்கோ அடிப்பது' என்று சொல்வோர் இன்றும் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்கவில்லை. டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கலன்களைச் செய்து வண்டிகளில் பொருத்தியது. புது வண்டி கிடைக்காத காலத்தில், இருப்பதைக் காப்பாற்றுவதே வழியாயிற்று.

உரிமக் காலமும் கைத்தேய்ப்பும்

விடுதலைக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. தொழில் உரிம முறையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர், பம்பாய் பிரிமியர் ஆலையின் பியட், சென்னையை அடுத்த வண்டலூர் ஆலையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என விரல்விட்டு எண்ணும் வகைகளே இருந்தன. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே வாங்கிய கார் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடியாக வேண்டும். பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும்.

இதற்குப் பட்டறைகளில் பிறந்த வரிசை இது. ஒடுங்கிய தகட்டை டிங்கர் தட்டி நிமிர்த்துவார். பெயிண்டர் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து, பிரைமரும் பெயிண்டும் அடிப்பார். நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு அடித்தவுடன் மங்கலாகத்தான் தெரியும். பளபளப்பு வருவது பிறகு: காம்பவுண்ட் எனப்படும் பசையைத் துணியில் தொட்டு, கை ஓயும்வரை தேய்க்க வேண்டும். திருப்பூரிலிருந்து வரும் பனியன் கழிவுத் துணியும் வீட்டுப் பழைய வேட்டியும் இதற்குப் பயன்பட்டன. தையல் உள்ள பகுதியை நல்ல தொழிலாளி கிழித்து எறிந்துவிடுவார். அது கோடு போடும்.

அந்தப் பூச்சில் நிறம் மேலிருந்து அடிவரை ஒன்றே. வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பைச் சிதைத்துச் சுண்ணாம்புபோல் ஆக்கும். தேய்த்தால் அந்தப் பொடி நீங்கி அடியில் உள்ள புது நிறம் வெளிப்படும். ஆண்டுக்கு ஒருமுறை காம்பவுண்ட் போடும் வழக்கம் இப்படித்தான் நிலைபெற்றது. அந்தப் பூச்சுக்கு அது முற்றிலும் பொருத்தமான சிக்கனம்.

நிறங்களில் சிவப்பு விரைவில் வெளிறும். வெள்ளை நெடுநாள் தாங்கும். வெள்ளைக்கு ஆதாரமான டைட்டானியம் டை ஆக்சைடு, இல்மனைட் மணலிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த மணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடைக்கிறது.

இரு அடுக்குப் பூச்சு

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1990களின் இறுதியில் சென்னையைச் சுற்றிப் பன்னாட்டு ஆலைகள் எழுந்தன. அவற்றோடு, நிறத்தின் மேல் நிறமற்ற 'கிளியர் கோட்' பூசும் முறையும் பரவியது. ஆலைப் பூச்சு முழுவதும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதில் கிளியர் கோட் பாதிக்கும் குறைவு; தலைமுடியின் தடிமன்கூட இராது.

இங்கேதான் பழைய பழக்கம் கேடாகிறது. ஒவ்வொரு முறை காம்பவுண்ட் போடும்போதும் இந்த மெல்லிய அடுக்கு குறைகிறது. தேய்ந்து ஓரிடத்தில் தீர்ந்துவிட்டால் கூரையிலும் பானட்டிலும் வெண்படலமாக உரியத் தொடங்கும். பிறகு எந்தப் பாலிஷும் உதவாது. அந்தப் பாகத்துக்கு மீண்டும் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும். மிச்சம் பிடிக்கச் செய்த வேலை செலவில் முடிகிறது. எந்த வகைப் பூச்சு என்பதை அறிய எளிய சோதனை உண்டு. மறைவான ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டுத் தேய்த்தால், துணியில் காரின் நிறம் ஏறுவது பழைய ஒற்றைப் பூச்சு. நிறம் ஏறாவிட்டால் கிளியர் கோட் உள்ளது.

கிளியர் கோட் வண்டிக்குத் தேய்ப்பதைவிட மூடிக் காப்பதே சிக்கனம். பிரேசிலின் கார்னாபா பனை ஓலையிலிருந்து கிடைக்கும் மெழுகு கலந்த வேக்ஸை மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மெல்லியதாகப் பூசினால் போதும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் வண்டி அன்றைக்குப் பளிச்சென்று தெரியும். மறுநாள் புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் ஓடும் வண்டிக்கு இது மிகவும் பொருந்தாத வைத்தியம்.

வெயிலும் நீரும்

கடற்கரை ஊர்களைப்போல உப்புக்காற்று இல்லாததால் மதுரை வண்டிகளில் துரு குறைவு. இங்கே எதிரிகள் சித்திரை வெயிலும் ஆழ்துளைக் கிணற்று நீருமே. சூடான தகட்டில் உப்பு நீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டுகள் படியும். நாளடைவில் பூச்சை அரிக்கும். ஆகவே காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவி, ஈரம் காயுமுன் துடைப்பதே முறை. வீட்டு ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரைக் காருக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அதில் உப்பு கூடுதலாகத் திரண்டிருக்கும். மாறாக, ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. கடைசி அலசலுக்கு அது நல்லது. துணி துவைக்கும் தூள் மெழுகை நீக்கிவிடும். பறவை எச்சத்தை அன்றே நனைத்து எடுக்காவிட்டால் கறை பூச்சுக்குள் இறங்கும்.

தொழிலாளரும் சட்டமும்

இன்றைய பட்டறைகளில் 'பி.யு.' எனப்படும் பாலியூரித்தேன் பூச்சு பரவலாக உள்ளது. இதன் கடினமாக்கியில் ஐசோசயனேட்டு உண்டு. தெளிக்கும்போது சுவாசித்தால் ஆஸ்துமா வரும். முகத்தில் கைக்குட்டை கட்டுவது இதற்குக் காப்பு ஆகாது. ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்கு எனக் கட்டுப்படுத்தும் 2016ஆம் ஆண்டு விதிகளும் வீட்டு, அலங்காரப் பூச்சுகளுக்கு மட்டுமே உரியவை. பழைய பூச்சைத் தேய்க்கும் இளைஞரின் மூச்சுக்குள் போகும் தூளை அவை கணக்கில் கொள்ளவில்லை. உலரத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்தால் தூள் பறப்பது பெருமளவு குறையும்.

காரின் நிறம் பதிவுச் சான்றில் இடம்பெறுவதால், வேறு நிறம் அடித்தால் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். 15 ஆண்டு முடிந்தபின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 10,000 ரூபாய் ஆனது. 50 ஆண்டைக் கடந்து, பெரிய மாற்றமின்றி மூல வடிவில் உள்ள கார்களுக்கு 2021 முதல் 'விஏ' எழுத்துகளுடன் தனிப் பதிவு உண்டு. ஆனால் அவற்றை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது என்பதால், 1970களின் அம்பாசடரைத் தினமும் கடைக்கு எடுத்துச் செல்பவருக்கு அந்தப் பதிவு பயன்படாது.