மணற்கல்லில் ஒரு திருத்தம்

பாறை ஏன் முறிகின்றது என்ற வினாவுக்கு மேலைநாட்டார் நெடுங்காலம் ஒரே விதமான விடையையே கூறிவந்தனர். 1773இல் கூலோம் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் உராய்வையும் பிணைவையும் கொண்டு வகுத்த விதியை 1905இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அன்டர்சன் புவியோட்டுக்குப் பொருத்தி, பிளவுப்பெயர்ச்சிகள் மூவகைப்படுமென விளக்கினார். முறிந்த தளம் நலிந்த தளம் என்பதும் அதன் வழியே பாறை மேலும் வழுக்கும் என்பதும் இக்கொள்கையோடு ஒட்டிவந்த எண்ணங்களாகும். கருங்கல்லைக் கண்டவர்க்கு இது இயல்பாகவே தோன்றியிருக்கும்.

ஆயின், யூட்டா மாநிலத்தின் சான் ரபாயேல் பாலைநிலத்தில் இவ்வெண்ணம் முரண்பட்டது. அங்குள்ள நவாஹோ, என்ராடா மணற்கற்கள் யுராசிக் காலத்தவை. மணிகளுக்கிடையே நுண்டுளைகள் மலிந்தவை. அவற்றை ஆராய்ந்த அத்தில்லா அய்டின், ஜோன்சனுடன் இணைந்தும் தனித்தும் 1978இல் வெளியிட்ட கட்டுரைகளில், பெயர்ச்சி அங்கே வெடிப்பாகத் தொடங்கவில்லை என எடுத்துக்காட்டினார். முதலில் தோன்றுவது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள பட்டையொன்றே. அதனுள் துளைகள் ஒடுங்குகின்றன. மணிகள் நொறுங்கி நெருக்கமாக அடுக்கப்படுகின்றன. பெயர்வோ சில மில்லிமீற்றர் முதல் சில சதமமீற்றர் வரையே.

இங்குதான் பழைய எண்ணம் தலைகீழாகின்றது. நொறுங்கிய பட்டை சுற்றுப்பாறையிலும் வலியதாகிவிடுகின்றது. எனவே அடுத்த அசைவு அதன்வழியே செல்லாது, அருகிலுள்ள பழுதுறாத பாறையில் புதிய பட்டையொன்றை ஆக்குகின்றது. இவ்வாறு பல பட்டைகள் திரண்டு வலயமான பின்னரே, அவ்வலயத்தின் ஓரத்தில் வழுக்குத்தளம் பிறந்து, பெயர்ச்சி மீற்றர் கணக்கில் வளர்கின்றது. காற்றும் மழையும் சுற்றுப்பாறையை அரித்த பின்னரும் இப்பட்டைகள் விலா எலும்புகள் போற் புடைத்து நிற்பதைக் காணலாம். கண்முன்னே நின்ற சான்று இத்துணைக் காலம் உரிய கவனம் பெறாதிருந்தமை வியப்புக்குரியதே!

இது வெறும் ஏட்டு விவகாரமன்று. நிலத்தடி நீரும் பெற்றோலியமும் தங்குவது இத்தகைய துளைப் பாறைகளிலேயாம். பிளவு பாய்பொருளுக்கு வழிவிடும் என நம்பிக் கிணறு தோண்டுபவர் மதிலொன்றை எதிர்கொள்ள நேரலாம். 1994இல் அன்ரனெலினியும் அய்டினும் வெளியிட்ட அளவீடுகளின்படி, பட்டைகளின் உட்புகவிடுமியல்பு சுற்றுப்பாறையினதிலும் சராசரியாக ஆயிரத்திலொரு பங்காகக் குறைந்திருந்தது. வழுக்குத்தளமோ சில இடங்களில் நீர்மத்தைத் தன் நெடுக்கே செல்லவிடும். ஆதலால் ஒரே பெயர்ச்சி குறுக்கே தடையாகவும் நெடுக்கே வாய்க்காலாகவும் அமைதல் கூடும்.

1996இல் மொலெமாவும் அன்ரனெலினியும் நவாஹோ மணற்கல்லில் இன்னொரு வகையையும் விவரித்தனர். அப்பட்டைகளிற் பக்கப் பெயர்வே இல்லை. பெரும அமுக்கத்துக்குச் செங்குத்தான தளத்தில் மணல் நெருங்கி ஒடுங்கியிருந்தது. வெடிப்பு வாய் திறக்கும். இதுவோ வாய் மூடுகின்றது.