பட்டறைக்குப் போகும் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

விழா மலர் என்றால் கோயில் எழும்பிய வரலாறும், பங்குத் தந்தையரின் வரிசையும் இடம்பெறுவது முறை. அவற்றை எழுதத் தகுதியுள்ளவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நம் பங்கில் பத்தாவது முடித்த பிள்ளைகளில் பலர் ஐ.டி.ஐ.க்கும், அங்கிருந்து லேத் பட்டறைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் போகிறார்கள். போன பிள்ளை கையும் கண்ணும் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்ற கவலை தாய்மாருக்கு உண்டு. இந்தக் கவலையைத் திருச்சபையில் ஒரு குரு 170 ஆண்டுகளுக்கு முன்பே முத்திரைத் தாளில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்தும் வாங்கினார். அவர்தான் புனித தொன் போஸ்கோ.

அவருக்கு முன்பும் முயற்சி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 1802ஆம் ஆண்டிலேயே, பஞ்சாலைகளில் தொழில் பழகும் பிள்ளைகளுக்காக ஒரு சட்டம் வந்தது. நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஆண்டுக்கு இருமுறை ஆலைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், காற்று வர ஜன்னல் வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. ஆலைகளைப் பார்வையிட இருவரை நியமிக்க வேண்டும் என்றும், அவர்களில் ஒருவர் நீதிபதி, மற்றவர் அந்நாட்டுச் சபையின் குருவானவர் என்றும் விதித்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பார்வையிடுவோருக்குச் சம்பளமும் இல்லை, ஊக்கமும் இல்லை. சட்டம் பெரும்பாலும் ஏட்டோடு நின்றது.

தூரின் நகரில் தொன் போஸ்கோ குருப்பட்டம் பெற்றது 1841ல். அக்காலத்தில் மலை நாட்டுக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சிறுவர்கள் கூட்டம் கூட்டமாக அந்நகருக்கு வந்தார்கள். கொத்தனுக்குக் கல்லும் சாந்தும் சுமப்பார்கள், புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி துடைப்பார்கள். ஞாயிறன்று அவர்களைக் கூட்டி ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த குரு, வார நாட்களில் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கே நேரில் போய்ப் பார்த்து வந்தார். போய்ப் பார்த்ததனால்தான் உபதேசம் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்தது என்பது என் எண்ணம்.

1852ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் எழுதிய ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. தச்சு ஆசாரியின் பெயர் சூசை பெர்த்தொலீனோ; வேலை பழக வந்த பையனின் பெயர் சூசை ஒதாஸ்ஸோ. இருவருமே தச்சரான நம் சூசையப்பரின் பெயரைத் தாங்கியவர்கள்! பையனுக்குத் தச்சுத் தொழிலை ஒழுங்காகக் கற்றுத்தர வேண்டும். தவறு செய்தால் வாயால் திருத்தலாமே ஒழிய அடிக்கக் கூடாது. தொழிலுக்குப் புறம்பான வேலையும், உடல் பலத்துக்கு மிஞ்சிய வேலையும் வாங்கக் கூடாது. ஞாயிறும் திருநாளும் ஓய்வு. ஆண்டுக்கு 15 நாள் விடுமுறை. ஆசாரி, பையன், பையனின் தந்தை ஆகியோருடன் தொன் போஸ்கோவும் கையெழுத்திட்டார். அவர் பையனுக்கு உறவினரும் அல்லர், பட்டறையில் பங்குதாரரும் அல்லர். அனுப்புகிறவன் என்ற முறையில் தனக்கும் பொறுப்பு உண்டு என்பதுதான் அந்தக் கையெழுத்துக்குப் பொருள்.

வெளிப் பட்டறைகளில் பிள்ளைகளை விடுவதில் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. 1853 முதல் தம் இல்லத்திலேயே செருப்பு, தையல், பிறகு புத்தகக் கட்டு, தச்சு என்று பட்டறைகளைத் தொடங்கினார். 1860களின் தொடக்கத்தில் அச்சுக்கூடமும் வந்தது. அச்சுத் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. இம்மாதிரி மலர்களை ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எழுத்துக் கோத்த கையைக் கழுவாமல் சாப்பிட்டால் ஈயம் சிறிது சிறிதாக உடலில் சேரும். வயிற்று வலியும் சோகையும் வரும். கத்தி போல் உடனே வெட்டாத ஆபத்து இது. தொழிலைக் கற்பிப்பவன் இதையும் சேர்த்துக் கற்பிக்காவிட்டால் பையனுக்கு எப்படித் தெரியும்?

1875ல் முதல் சலேசியர்கள் அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1906 ஜனவரியில் அருட்தந்தை தொமாத்திஸ் தலைமையில் ஒரு குழு நம் தஞ்சாவூருக்கே வந்து, அனாதைப் பிள்ளைகளின் இல்லத்தை ஏற்றது. ஒரு நாட்டுப் பள்ளியின் பழக்கம் இன்னொரு நாட்டுப் பள்ளிக்குப் போகும் வழி இப்படித் திறந்தது. ஆனால் யந்திரத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடலாம். அதைக் காவலோடு ஓட்டும் பழக்கத்தை அப்படி அனுப்ப முடியாது, ஆள் வந்து பழக்க வேண்டும்.

திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ல் தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலில், உடலும் மனமும் முதிராத பிள்ளைகளைப் பட்டறையில் வைக்கலாகாது என்று எச்சரித்தார். 1919ல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் தோன்றியது. அந்நிறுவனம் 1965ல், தொழிற்கல்வி கற்பிப்போருக்கும் பிறருக்கும் பயிற்சி தர ஒரு பன்னாட்டு மையத்தைத் திறந்தது. எந்த ஊரில் தெரியுமா? அதே தூரினில், போ நதிக்கரையில்! பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே வந்து பயின்று தம் நாடு திரும்பினார்கள்.

ஐரோப்பியப் பள்ளிகள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து இதைக் கற்பிக்கத் தொடங்கியது பிற்பாடு. 1995 முதல் லியோனார்டோ தா வின்சி என்ற திட்டமும், 2014 முதல் எராஸ்முஸ் பிளஸ் என்ற திட்டமும் அதற்குப் பணம் கொடுத்தன. 2005ல் ஜெர்மனியின் திரெஸ்டன் நகரை மையமாகக் கொண்டு, வேலையிடப் பாதுகாப்பைக் கற்பிப்போரின் கூட்டமைப்பு ஒன்று உருவானது. பல நாட்டார் சேர்ந்தால் மொழி ஒரு தொல்லை. அதற்கு நல்ல உபாயம் கண்டார்கள்: 1998 முதல் 'நாப்போ' என்ற கார்ட்டூன் தொழிலாளியை வைத்துப் பேச்சே இல்லாத படங்கள் எடுத்தார்கள். அவன் தடுக்கி விழுவதைப் பார்க்க மொழி எதற்கு?

ஒரு நாட்டு மாணவன் சில வாரம் வேறு நாட்டுப் பட்டறையில் பழகப் போகும்போது, அனுப்பும் பள்ளி, ஏற்கும் இடம், மாணவன் ஆகிய மூவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். 1852ஆம் ஆண்டுத் தாளின் பேரப்பிள்ளை என்றே இதைச் சொல்வேன்.

புதிய இடம் எப்போதும் ஆபத்து. 25 வயதுக்கு மேற்பட்டவர்களைவிட இளைஞர்களுக்கு வேலையில் காயம் ஏற்படும் விகிதம் 40 சதவீதம் வரை கூடுதல் என்று, ஐரோப்பியக் கணக்குகளைக் காட்டி 2018ல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் கூறியது. பயமின்மை பாதி, சொல்லித்தராதது பாதி. கையுறை போட்டால் கைக்குப் பாதுகாப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். சுழலும் லேத்தில் அதுவே எமன். துணி சிக்கினால் விரலையும் இழுத்துக்கொண்டு போகும். சக்கை முடுக்கிய சாவியை அதிலேயே விட்டு ஸ்விட்சைப் போட்டால் அது குண்டு போலப் பாயும். இவற்றைப் பையன் தானாக அனுபவத்தில் கற்கட்டும் என்று விட முடியுமா?

இவ்வளவு இருந்தும் 2022 ஜனவரியில் வட இத்தாலியில், சலேசியத் தொழிற்பள்ளி ஒன்றின் 18 வயது மாணவன், பயிற்சிக்குப் போன ஆலையில் இரும்பு உத்தரம் விழுந்து இறந்தான். தொன் போஸ்கோவின் சொந்த நாட்டில், அவருடைய பிள்ளைகள் நடத்தும் பள்ளியில் படித்த பையன். பல நகரங்களில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பள்ளிப் பட்டறை மாணவனைத் தொழிலாளிக்குச் சமமாகக் கருதும் சட்டம் அங்கே 2008லிருந்தே இருந்தது. 2023ல் அரசு, மாணவருக்கும் ஆசிரியருக்கும் விபத்துக் காப்பீட்டை விரிவாக்கியது. பையன் வரவில்லை.

நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், தொழிற்சாலைச் சட்டத்தில் தொழிலாளிக்கு உரிய சுகாதார, பாதுகாப்பு விதிகளைப் பழகும் பிள்ளைக்கும் உரியதாக்கியது. காயப்பட்டால் நஷ்ட ஈடும் உண்டு என்றது. பையன் மைனர் என்றால் ஒப்பந்தத்தில் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஐ.டி.ஐ.யில் சேர நன்னடத்தைச் சான்று கேட்டு ஆண்டுதோறும் பிள்ளைகள் பங்குத் தந்தையிடம் வருகிறார்கள். எந்தப் பட்டறைக்குப் போகிறான், யார் அங்கே கற்றுத்தருகிறார் என்று குறித்துக்கொள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் ஒரு நோட்டு வைக்கலாம். ஆண்டுக்குப் பத்துப் பெயர் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவர் போய்ப் பார்த்து வர சைக்கிளே போதும்.