எஃப்5-க்கு முன்னும் பின்னும்: ஒரு திறப்பின் இறுதியாட்ட வரலாறு

சதுரங்க உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் எதிராளியின் மனத்தைப் படித்தே வென்றார், அவரைத் தடுமாற வைப்பதற்காகத் தரம் குறைந்த நகர்த்தல்களையும் தெரிந்தே ஆடினார் என்பது ரிச்சர்டு ரெட்டி 1920களில் முன்வைத்த விளக்கம். பின்னால் வந்தவர்கள் இதை லாஸ்கரின் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொருத்திவிட்டார்கள். 1914 மே 18 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் காபாபிளாங்காவை வென்ற ஆட்டத்துக்கும் அதே விளக்கம்தான். அரைப் புள்ளி பின்தங்கி, வென்றே ஆகவேண்டிய நிலையில் இருந்த லாஸ்கர், சமனில் முடியும் என்று பெயர் வாங்கிய ரூய் லோபஸ் பரிமாற்ற வரிசையை எடுத்தார். சமன் போதும் என்றிருந்த காபாபிளாங்கா ஏமாந்தார் என்கிறார்கள்.

கதையாகக் கேட்க இது நன்றாகத்தான் இருக்கிறது. புள்ளிக்கணக்கிலும் பிழையில்லை. ஆனால் 1908 ஆகஸ்டில், டுசல்டார்ஃப் நகரில் தொடங்கிய உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில், டார்ராஷுக்கு எதிராக லாஸ்கர் இதே வரிசையைத்தான் ஆடினார். வெள்ளையின் முதல் ஏழு நகர்த்தல்களும் அச்சு அசல் அவையே: மந்திரி சி6-இல் குதிரையை வெட்டுகிறது, டி4 திறக்கிறது, ராணிகள் பலகையை விட்டுப் போகின்றன. போட்டியின் முதல் ஆட்டத்தில் யாருக்கும் புள்ளி நெருக்கடி இல்லை. டார்ராஷுக்கும் காபாபிளாங்காவுக்கும் சுபாவத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருவருக்கும் ஒரே மருந்து என்றால் மனோதத்துவம் எங்கே இருக்கிறது? உலகமே பார்த்த ஒரு ஆட்டத்தின் வரிசையை ஆறு ஆண்டுகள் கழித்து வைத்து காபாபிளாங்காவைத் திகைக்கவைத்தார் என்பதையும் நான் ஏற்கவில்லை.

பாடநூல் விளக்கமும் இந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது. பரிமாற்ற வரிசையில் வெள்ளைக்கு ராஜா பக்கம் நான்குக்கு மூன்று சிப்பாய். கறுப்பின் பெரும்பான்மை சி வரிசையில் இரட்டித்துக் கிடக்கிறது. எல்லாக் காய்களும் வெட்டுப்பட்டால் வெள்ளைக்கு வெற்றி என்பது கணக்கு. லாஸ்கரோ 12-ஆம் நகர்த்தலில் எஃப்5 ஆடினார். இ4 சிப்பாய் துணையற்று நின்றது. இ5 கட்டம் கறுப்பின் கைக்குப் போனது. 14-ஆம் நகர்த்தலில் அவரே மந்திரிகளை மாற்றிக்கொள்ள, சி7 சிப்பாய் டி6-க்கு வந்து கறுப்பின் இரட்டைச் சிப்பாயும் நீங்கிவிட்டது. எந்த இறுதியாட்டத்துக்காக இந்தத் திறப்பை ஆடுவதாகச் சொல்கிறார்களோ அதை அவர் பாதி வழியிலேயே கைவிட்டார். அதற்கு ஈடாகக் கிடைத்தது இ6 கட்டம். 16-இல் அங்கே ஏறிய குதிரை 37 வரை அசையவில்லை. காபாபிளாங்காவின் மந்திரி பி7-க்கும் ஏ8-க்கும் இடையே முடங்கிக் கிடந்தது. 42-ஆம் நகர்த்தலோடு கறுப்பு பணிந்தது.

1908-இல் டார்ராஷ் இதே வெள்ளைக்கட்ட மந்திரியைக் கொண்டு லாஸ்கருக்குத் தொல்லை கொடுத்தார். 55 நகர்த்தல்களில் லாஸ்கர் வென்றாலும், கறுப்பின் மந்திரி ஜோடிதான் இந்த வரிசையின் உண்மையான பிரச்சினை என்பதை அந்த ஆட்டம் காட்டிவிட்டது. 1914-இல் ஒரு மந்திரியை மாற்றி, மற்றதை மூலையில் அடைத்தது அதற்கான பதில் என்றே நான் படிக்கிறேன். எஃப்5 1908-இலேயே தயாராகிவிட்டது என்று சொல்ல ஆதாரமில்லை. எந்த ஆண்டில் உருவானது என்றும் தீர்மானிக்க முடியாது. ஆனால் திறப்பையும் அதிலிருந்து பிறக்கும் இறுதியாட்டத்தையும் ஒரே பாடமாகப் படித்தவர்தான் இப்படி ஆடியிருக்க முடியும். அந்தப் பாடத்தில் அவருக்குப் பயிற்சிக் கூட்டாளிகளாக அமைந்தவர்கள், கூலியில்லாமல், அவருடைய எதிராளிகளே.

அந்தப் பாடத்தைக் கதவடைத்த அறைக்குள் கொண்டுபோனவர் போத்வின்னிக். 1930களின் நடுவிலிருந்து அவர் சக ஆட்டக்காரர் ரகோசினோடு ரகசியமாகப் பயிற்சி ஆட்டங்கள் ஆடினார். அதைவிடத் துல்லியமாக நாள் குறிக்க நான் துணியமாட்டேன். ரகோசின் முகத்துக்கு நேரே புகை ஊதுவார், வானொலி அலறும், கடிகாரம் ஓடும். புகையைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆட்டங்களின் பயன் வேறு: போட்டிக்காக ஒதுக்கிய திறப்பை வெளியே காட்டாமல் கடைசிவரை ஆடிப் பார்க்கலாம். லாஸ்கருக்கு ஆறு ஆண்டுகள் பிடித்த திருத்தத்துக்கு இங்கே மறுநாள் போதும்.

2000-இல் லண்டனில் காஸ்பரோவுக்கு எதிராகக் கிராம்னிக் கொண்டுவந்த பெர்லின் தடுப்பு இந்த வரலாற்றில்தான் சேரும். இருவருமே போத்வின்னிக் பள்ளியோடு தொடர்புடையவர்கள். எட்டாவது நகர்த்தலில் ராணிகள் போய்விடுகின்றன, கறுப்பு ராஜா டி8-இல் நிற்கிறது, கோட்டை கட்ட முடியாது. சிப்பாய் எலும்புக்கூடு 1908-இல் இருந்ததே: நான்குக்கு மூன்று, சி வரிசையில் இரட்டைச் சிப்பாய். ஒரே வேறுபாடு, வெள்ளைச் சிப்பாய் இ5 வரை ஏறிவிட்டதால் எஃப்5 கட்டத்தில் கறுப்புக் குதிரை நிம்மதியாக உட்கார்கிறது. லாஸ்கர் இ5 கட்டத்தை விட்டுக்கொடுத்தும் காபாபிளாங்கா அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பெர்லினில் கறுப்பு அப்படிப்பட்ட ஒரு கட்டத்தை நம்பியே வாழ்கிறது. டோல்மதோவ், பரேயெவ், இயெஸ்காஸ், லோத்தியே ஆகியோர் கிராம்னிக்கின் உதவியாளர்கள். 1, 3, 9, 13 ஆகிய நான்கு ஆட்டங்களில் காஸ்பரோவ் இந்த இறுதியாட்டத்துக்குள் நுழைந்தார். நான்கும் சமன், கடைசியது 14 நகர்த்தல்களில் முடிந்தது.