வேகத்துக்குன்னு ஒரு இடம்: இருங்காட்டுக்கோட்டை சொல்லும் வரலாறு

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க. வீட்டில் வேகமான கார் வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

1.
போன மாசம் ஒரு தம்பி பிபி பார்க்க வந்தார். வயது 28. ஒரகடம் பக்கம் நல்ல வேலை. ஆசை ஆசையா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கார்.

"டாக்டர், ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு தண்டலம் தாண்டினா ரோடு காலியா இருக்கும். போன வாரம் 180 தொட்டேன். அந்த ஃபீலே வேற! ஒரே ஒரு தடவை 200 பார்த்துட்டு விட்டுடுவேன்."

அவருக்கு பிரஷர் நார்மல். எனக்குத்தான் ஏறிடுச்சு.

2.
நான் அவரைத் திட்டலை. காரணம், அந்த ஆசை எனக்கும் தெரியும். ஒரு தடவை நண்பர் காரை வாங்கி ஓட்டினப்போ, ஆக்ஸிலரேட்டரை மிதிச்சதும் முதுகு சீட்டோட ஒட்டிக்கிட்டது. சிரிப்பு தானா வந்தது. அட்ரினலினும் டோபமினும் சேர்ந்து செய்யும் வேலை அது. நல்லவன் கெட்டவன் பார்த்து அது வருவதில்லை.

அதனால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, நீங்க தினமும் கடந்து போற இருங்காட்டுக்கோட்டைல ஒரு ரேஸ் டிராக் இருக்கே. இவ்வளவு பெரிய ரோடு பக்கத்துலயே இருக்கும்போது, ரேஸ் ஓட்டுறவங்க எதுக்கு தனியா ஒரு டிராக் கட்டினாங்க?"

அவருக்குப் பதில் தெரியலை. அந்தப் பதில்தான் இந்த இழை.

3.
கதை ஃபிரான்ஸில் தொடங்குகிறது. ஆண்டு 1903.

அந்தக் காலத்தில் கார் ரேஸ் என்றாலே ஊர் விட்டு ஊர் ஓட்டுவதுதான். டிராக் எல்லாம் கிடையாது. மக்கள் நடக்கும், மாடு போகும், குழந்தைகள் ஓடும் அதே சாலையில்தான் போட்டி.

1903 மே 24 அன்று பாரிஸிலிருந்து ஸ்பெயினின் மாட்ரிட் வரை ஒரு ரேஸ் கிளம்பியது. சாலையின் இரு பக்கமும் கூட்டம் கூட்டமாக ஜனங்கள். முன்னால் போன கார் கிளப்பிய புழுதியில் பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாத நிலை.

கார்கள் மரத்தில் மோதின. கூட்டத்துக்குள் புகுந்தன. ஓட்டியவர்களும் இறந்தார்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இறந்தார்கள். மாட்ரிட் வரை யாரும் போய்ச் சேரவில்லை. போர்தோ நகரிலேயே அரசாங்கம் ரேஸை நிறுத்திவிட்டது.

4.
அன்று விபத்துக்குள்ளாகி இரண்டு நாள் கழித்து இறந்தவர்களில் ஒருவர் மார்செல் ரெனோ. ஆமாங்க, அதே ரெனோ. சகோதரர்களோடு சேர்ந்து அந்த கார் கம்பெனியை நடத்தியவர்.

தம்பி லூயி ரெனோவும் அதே ரேஸில் ஓட்டினார். முன்னணியில் போர்தோ வந்து சேர்ந்தவருக்குக் காத்திருந்தது அண்ணன் பற்றிய செய்தி. அதற்குப் பிறகு லூயி கார் செய்தார், கம்பெனியை வளர்த்தார், ஆனால் தானே ரேஸ் ஓட்டுவதை விட்டுவிட்டார்.

அந்தப் பெயரைத் தாங்கிய கார்கள் இன்று நம்ம ஒரகடத்தில் தயாராகின்றன. 2010-ல் திறந்த ரெனோ–நிசான் தொழிற்சாலை. அந்த லோகோவைப் பார்க்கும்போது இந்த அண்ணன் தம்பி கதையையும் நினைச்சுக்கோங்க.

5.
அந்தச் சாவுகளுக்குப் பிறகு, திறந்த சாலையில் ஊர் விட்டு ஊர் ரேஸ் என்ற பழக்கத்துக்கே ஃபிரான்ஸில் முற்றுப்புள்ளி விழுந்தது. சாலையை அடைத்து, ஆட்களை அப்புறப்படுத்தி ஓட்டும் முறை வலுப்பட்டது.

1907-ல் இங்கிலாந்தில் புரூக்லேண்ட்ஸ் என்ற இடத்தில் கார் ரேஸுக்கென்றே ஒரு தடம் கட்டினார்கள். அப்போது அங்கே சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர். சட்டத்தை மீறாமல் வேகம் பார்க்க ஒரு இடம் வேணும் என்பதுதான் அதன் பிறப்புக் காரணம்.

இதை நல்லா கவனிங்க. வேகத்தை வெறுத்தவர்கள் கட்டியது இல்லை இது. வேகத்தை உயிராக நேசித்தவர்கள் கட்டியது.

6.
இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. இவர்கள் வேகம் பார்க்க ஜிஎஸ்டி ரோட்டுக்கோ மவுண்ட் ரோட்டுக்கோ போகவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. அங்கே போனார்கள்.

சோழவரம் ரேஸ் என்றால் உங்க வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்க, கண் மின்னும். திருவிழா மாதிரி கூட்டம் வரும். பல்லாண்டு காலம் இந்திய ரேஸிங்கின் முகவரியே சோழவரம்தான்.

ஆனால் அது ரேஸுக்காகக் கட்டிய இடம் இல்லை. எனவே கிளப் சொந்தமாக நிலம் பார்த்து, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் கட்டியது. 1990-ல் திறந்தார்கள். நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். 12 வளைவுகள்.

ஹூண்டாய் தொழிற்சாலை அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே வந்துவிட்டது இந்த டிராக். கார் செய்யும் ஊராக ஆவதற்கு முன்பே, காரை எங்கே வேகமாக ஓட்டணும் என்று காட்டிய ஊர் அது.

7.
சரி, தனி இடம் இருந்தா மட்டும் போதுமா? போதாது. இது ஒரு டாக்டராக எனக்குப் பிடித்த அத்தியாயம்.

1966. பெல்ஜியத்தில் ஸ்பா டிராக். மழை. ஃபார்முலா ஒன் வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் தடம் விட்டுப் பறந்தது. நொறுங்கிய காருக்குள் சுமார் 25 நிமிடம் மாட்டிக்கொண்டு கிடந்தார், உடம்பெல்லாம் பெட்ரோல். மீட்புக் குழு இல்லை. சக போட்டியாளர்கள் இருவர்தான், வேடிக்கை பார்த்தவரிடம் ஸ்பேனர் வாங்கி அவரை வெளியே எடுத்தார்கள். பிறகு ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் வழி தவறியது.

பிழைத்தவர் சும்மா இருக்கவில்லை. சீட் பெல்ட் வேணும், தடுப்பு வேணும், டாக்டர் வேணும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். கோழை என்று கேலி செய்தவர்களும் உண்டு. கேலி செய்யப்பட்டவர் மூன்று முறை உலக சாம்பியன் என்பதை மறந்துடாதீங்க.

இன்று ஒரு நல்ல ரேஸ் தடத்தில் எல்லாரும் ஒரே திசையில் ஓட்டுகிறார்கள். எதிரே யாரும் வர மாட்டார்கள். வளைவில் தப்பினால் போய் விழ மணலோ புல்வெளியோ உண்டு. முன்னால் ஆபத்து என்றால் கொடி காட்ட ஆள் உண்டு. ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, ஆறு முனை பெல்ட், தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ், டாக்டர்.

இத்தனை இருந்தும் உயிர் போகிறது. 2023 ஜனவரியில் இதே இருங்காட்டுக்கோட்டையில் மூத்த ரேஸ் வீரர் கே. இ. குமார் பந்தயத்தின்போது விபத்தில் இறந்தார். வயது 59. அனுபவத்துக்குக் குறைவில்லாதவர்.

8.
இன்னொரு பெயர். சொல்லும்போதே மனசு கனக்குது. அஸ்வின் சுந்தர்.

சென்னைப் பையன். 2012, 2013 இரண்டு ஆண்டும் எஃப்4 தேசிய சாம்பியன். நாம் யாரும் கனவிலும் தொடாத வேகத்தை டிராக்கில் தொட்டு, பத்திரமா வீட்டுக்குத் திரும்பியவர்.

2017 மார்ச் 18, நள்ளிரவு தாண்டிய நேரம். சாந்தோம் நெடுஞ்சாலையில் அவருடைய பிஎம்டபிள்யூ கார் ஒரு மரத்தில் மோதித் தீப்பிடித்தது. கதவைத் திறக்க முடியவில்லை. அவரும் அவர் மனைவியும் உள்ளேயே இறந்தார்கள்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதலை. ஒரே ஒரு விஷயம்தான். ரேஸ் டிராக் ஓரத்தில் மரம் இருக்காது. ஊர்ச் சாலையில் இருக்கும். தேசிய சாம்பியனின் கைத்திறமை கூட அந்த மரத்தை நகர்த்தி வைக்க முடியாது.

நாம எம்மாத்திரம்?

9.
இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பத்தாம் வகுப்பு இயற்பியல்தான்.

ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக சுமார் ஒன்றரை வினாடி. நல்ல டயர், காய்ந்த சாலை என்றே வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் கார் நிற்க சுமார் 45 மீட்டர்.
120 என்றால் சுமார் 130 மீட்டர்.
160 என்றால் 200 மீட்டருக்கும் மேல்.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. 60-ல் சுவரில் மோதுவது சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், ஏறக்குறைய ஐந்தாவது மாடி. 120-ல் மோதுவது 57 மீட்டர். அது பத்தொன்பதாவது மாடி.

"பத்தொன்பதாவது மாடியில் இருந்து குதிப்பேன், ஆனா ஏர்பேக் இருக்கு" என்று யாராவது சொன்னால் என்ன செய்வீங்க?

10.
உடம்புக்குள் நடப்பதையும் சொல்லிடுறேன். ஒரு விபத்தில் மூன்று மோதல்கள் உண்டு. கார் மரத்தில் மோதும். உடம்பு பெல்ட்டிலோ ஸ்டியரிங்கிலோ மோதும். மூன்றாவது, வெளியே தெரியாது. உள்ளுறுப்புகள் உடம்பின் சுவரில் மோதும்.

இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் ஒரு பகுதி அசையும், ஒரு பகுதி முதுகெலும்போடு ஒட்டி நிற்கும். திடீரென நின்றால் இரண்டும் சேரும் இடத்தில் கிழியும். மூளைக்குள் நரம்பிழைகள் முறுக்கி அறுபடும். வெளியே ஒரு கீறல் கூட இருக்காது.

நம்ம மாநிலத்தில் 108 இருக்கு. முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 முதல் இருக்கு. நல்ல திட்டம், பல உயிர்களைக் காத்த திட்டம். ஆனால் முழுசா கிழிந்த மகாதமனி ஆம்புலன்ஸுக்குக் கூடக் காத்திருக்காதுங்க.

11.
"ரோடு காலியா இருக்கே டாக்டர்?"

காலி என்பது உங்க கண்ணுக்குத்தான். காலை ஐந்து மணிக்கு அந்த நெடுஞ்சாலையில் யார் யார் இருக்காங்கன்னு சொல்றேன். ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டும் பையன். பின் விளக்கு எரியாமல் ஓரம் கட்டிய கன்டெய்னர் லாரி. சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த் திசையில் வரும் பால்காரர். சாலையைக் கடக்கும் மாடு. மார்கழியில் செம்பரம்பாக்கம் பக்கம் பனிமூட்டம் வேறு.

இவர்களில் யாருக்கும் ஹெல்மெட்டோடு தீப்பிடிக்காத உடை இல்லை. யாரும் உங்க ரேஸுக்குப் பெயர் கொடுக்கவில்லை. 1903-ல் பாரிஸ் சாலை ஓரம் நின்றவர்களும் கொடுக்கவில்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்தில் ஏழு சாவுகள் அதிவேகத்தோடு தொடர்புடையவை என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதே ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாடு.

12.
சரி, அந்த ஆசையை என்ன செய்வது? மருந்துச் சீட்டு இதோ.

ஒன்று: ஆசை ஒரு அலை. சில நிமிடம்தான். பக்கத்து லேன்காரன் சீண்டினால் காலை எடுங்க, அவனை முன்னால் போக விடுங்க. அலை தானா இறங்கும்.

இரண்டு: 120-ல் பத்து நிமிடம் போனால் 80 என்பது ஊர்வது மாதிரி தெரியும். மூளை வேகத்துக்குப் பழகிவிடும். அதனால் மனசை நம்பாதீங்க, மீட்டரைப் பாருங்க. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் 80 தாண்டினால் விட்டு விட்டும், 120 தாண்டினால் தொடர்ந்தும் பீப் அடிக்கும். அதைத் துண்டிக்காதீங்க. அது உங்க அம்மாவின் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று: தாமதமாகக் கிளம்பி வேகத்தில் ஈடுகட்டாதீங்க. மது, தூக்கம், கோபம் மூன்றில் ஒன்று இருந்தாலும் சாவியைத் தொட வேண்டாம்.

நான்கு: வேகம் வேணுமா? டிராக்குக்குப் போங்க. முறையாகப் பயிற்சி எடுங்க. 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு ரேஸ் நடந்ததே, அதற்கு நகரச் சாலையை முழுசா அடைத்து, வேலி போட்டு, ஆம்புலன்ஸ் நிறுத்திய பிறகுதான் வண்டியை விட்டார்கள். தொழில்முறை ஓட்டுநர்களுக்கே அவ்வளவு ஏற்பாடு.

13.
அந்தத் தம்பி போன வாரம் மறுபடி வந்தார், மனைவியோடு. டிராக் பயிற்சிக்கு இன்னும் பணம் கட்டலையாம். "விசாரிச்சிட்டு இருக்கேன் டாக்டர்" என்றார். மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: "சார், கார்ல வேக அலாரத்தை 100-ல வெச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை இப்பல்லாம் என்னையும் கூட்டிட்டுப் போறார்."

எனக்கு அது போதும்.

தண்டலத்தில் இருந்து இருங்காட்டுக்கோட்டை சில கிலோமீட்டர்தான். அந்தச் சில கிலோமீட்டரை நிதானமாக ஓட்டிப் போனால், வேகத்துக்கென்றே கட்டிய இடம் உங்களுக்காகக் காத்திருக்கு. அதுவரைக்கும் இருப்பது எல்லாருக்குமான ரோடு.

வீட்டில் வேகமாக ஓட்டும் ஒருவர் இருந்தால் இதை அவருக்கு அனுப்புங்க. திட்டாமல் அனுப்புங்க.