வில்டன்: கண்ணாடி இழையில் வார்த்த போர்க்கப்பல்

கடற்போர் வரலாற்று நூல்களில் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பின் அளவே. ட்ரஃபால்கர், சூஷிமா, ஜட்லாந்து, மிட்வே என்று பெரும்போர்களின் பெயர்களை நாம் தடையின்றிச் சொல்லிவிடுவோம். அப்போர்களில் நின்ற பெருங்கலங்களின் பெயர்கூடச் சிலருக்கு நினைவிருக்கும். அவை துறைமுகத்தைவிட்டு வெளியேறும் முன்பாக வழியைத் துப்புரவு செய்த சிறுகலங்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. வேலை செம்மையாக முடிந்தால் எதுவுமே நிகழாது என்பதுதான் இத்தொழிலின் இயல்பு. எதுவும் நிகழாத ஒரு நாளைப் பற்றி வரலாற்றாசிரியன் என்ன எழுதுவான்?

ஆயினும் கண்ணிவெடி நிகழ்த்தியவை சிறியவை அல்ல. 1904 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே ஜப்பானியர் இட்ட கண்ணியில் சிக்கி ரஷ்யக் கொடிக்கப்பல் பெட்ரோபாவ்லோவ்ஸ்க் சில நிமிடங்களில் மூழ்கியது. அதனுடன் தளபதி மகாரோவ் மறைந்தார். அதே கப்பலில் ஓவியர் வெரெஷ்சாகினும் இருந்தார். போரின் கோரத்தை வாழ்நாள் முழுதும் தீட்டிய அந்தக் கலைஞரை, யாரும் எய்யாமல் நீரில் கிடந்த ஓர் இரும்புக் குண்டு கொண்டுபோயிற்று. அடுத்த மாதமே ரஷ்யர் இட்ட கண்ணிகளில் ஜப்பானின் ஹட்சூசே, யாஷிமா என்னும் இரு பெருங்கப்பல்கள் ஒரே நாளில் அழிந்தன. கண்ணி இட்டவனையும் அறியாது, கடப்பவனையும் அறியாது.

அக்காலக் கண்ணிகள் கொம்பு முளைத்த உருண்டைகள். ஈயத்தால் ஆன கொம்பினுள்ளே அமிலம் நிரம்பிய கண்ணாடிக் குழாய் இருக்கும். கப்பல் இடித்துக் கொம்பு வளைந்தால் குழாய் உடைந்து அமிலம் கசியும், மின்சாரம் பிறக்கும், வெடிக்கும். நங்கூரக் கயிற்றில் மிதக்கும் இவற்றை அகற்றும் முறை எளிமையானது. வெட்டும் பற்கள் பொருத்திய வடத்தை நீருக்கடியில் இழுத்துச் செல்வார்கள். கயிறு அறுபட்டு மேலே மிதந்து வரும் கண்ணியைச் சுட்டு வெடிக்கவைப்பார்கள். முதல் உலகப்போரில் பிரிட்டன் இவ்வேலைக்குத் தன் மீன்பிடி விசைப்படகுகளையும் மீனவர்களையும் இறக்கியது. வலை இழுத்துப் பழகியவர்களுக்கு இது புதிய தொழில் அல்ல. மீன் மட்டும்தான் வேறு.

1939 நவம்பர் 22ஆம் தேதி இரவு நிலைமை மாறியது. தேம்ஸ் கழிமுகத்தில், ஷூபரினெஸ் என்ற இடத்தின் சேற்றுப்பரப்பில் ஜெர்மானிய விமானம் ஒன்று பாராசூட்டில் ஏதோ பொருளைப் போட்டுச் சென்றது. மறுநாள் நீர் வற்றிய வேளையில் ஜான் ஊவ்ரி என்னும் கடற்படை அதிகாரி, பால்ட்வின் என்ற துணை அலுவலருடன் சேற்றில் நடந்துபோய் அதைப் பிரித்தார். இரும்பு பட்டால் வெடிக்கும் என்ற ஐயத்தால் அவர்களுக்கென்று காந்தத்தன்மையற்ற கருவிகள் செய்யப்பட்டன. ஐயம் மெய்யாயிற்று. கடலடியில் அசையாது கிடந்து, மேலே செல்லும் எஃகுக் கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும் கண்ணி அது. இடிக்க வேண்டியதில்லை, அருகில் சென்றாலே போதும். அறுப்பதற்கு நங்கூரக் கயிறும் இல்லை.

இரும்பால் ஆன கப்பல் என்பதே குற்றமாகிவிட்டது என்று சொல்லலாம். வணிகக் கப்பல்களைச் சுற்றி மின்கம்பிச் சுருள் இட்டுக் காந்தத்தன்மையைக் குறைத்தார்கள். கண்ணியைத் தேடிப் போகவேண்டிய கப்பலுக்கோ அது போதாது. ஆகவே மரத்துக்குத் திரும்பினார்கள். 1950 அக்டோபரில் கொரியாவின் வோன்சான் துறைமுகத்துக்கு வெளியே சுமார் 3,000 கண்ணிகள் ஒரு பெரும் அமெரிக்கப் படையிறக்கத்தை நாள்கணக்கில் தடுத்து நிறுத்தியபோது, இத்துறையைப் புறக்கணித்ததன் விலை அனைவருக்கும் புரிந்தது. அங்கே அமெரிக்கரின் எஃகுக் கண்ணிவாரிக் கப்பல்களான பைரேட், பிளெட்ஜ் இரண்டும் ஒரே நாளில் மூழ்கின. 1950களில் பிரிட்டன் ‘டன்’ வகுப்பு என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுகப்பல்களைக் கட்டியது. அலுமினியச் சட்டகத்தின்மேல் இரட்டையாக அடித்த மகோகனிப் பலகை. ‘டன்’ என்பது எடையைக் குறிப்பதன்று. ‘டன்’ என முடியும் பிரிட்டிஷ் கிராமப் பெயர்களை இக்கப்பல்களுக்கு வைத்தார்கள்.

வாருவதற்கும் வேட்டையாடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே விளக்கிவிட வேண்டும். கண்ணி செய்வோர் தந்திரம் கற்றுக்கொண்டார்கள். முதல் நான்கைந்து கப்பல்களைப் போகவிட்டு அடுத்ததில் வெடிக்கும்படி எண்ணும் பொறியைப் பொருத்தினார்கள். கப்பல் கடக்கும்போது நீரழுத்தம் குறைவதை உணரும் கண்ணிகள் 1944இல் நார்மண்டிக் கரையில் தோன்றின. அவ்வழுத்த மாற்றத்தைப் போலியாக உண்டாக்குவது எளிதன்று. எனவே வாரிவிட்ட வழி தூய வழிதான் என்று எவராலும் உறுதிசொல்ல முடியாமற் போயிற்று. மாற்று ஒன்றே: ஒவ்வொரு கண்ணியாகத் தேடிக் கண்டுபிடிப்பது. நடந்துபோகும் வேகத்தில் கப்பல் ஊர்ந்து செல்லும். சோனார் கருவி முன்னே உள்ள கடலடியைத் துழாவும். ஐயத்துக்குரிய பொருள் தென்பட்டால் கப்பல் எட்டவே நிற்கும். முக்குளிப்பவர் இறங்கிப் பார்த்து அருகில் ஒரு வெடியை வைத்துவிட்டுத் திரும்புவார். பின்னாளில் அவரது இடத்தை இயந்திர வாகனங்கள் பங்கிட்டுக்கொண்டன. 1964இல் கிர்க்லிஸ்டன் என்ற டன் வகுப்புக் கப்பலை இதற்கென மாற்றியமைத்தார்கள். வாரும் கப்பல் வேட்டைக் கப்பலானது அப்போதுதான்.

மரத்துக்கும் ஆயுள் உண்டு. அழுகும், கப்பற்புழு துளைக்கும், நல்ல மரம் கிடைப்பதும் அரிதாகிக்கொண்டு வந்தது. இந்தச் சூழலில்தான் வில்டன் வருகிறது. சவுத்தாம்ப்டனின் வூல்ஸ்டன் தளத்தில் வோஸ்பர் தார்னிகிராஃப்ட் நிறுவனம் கட்டி, 1972 ஜனவரியில் நீரில் இறக்கி, 1973இல் கடற்படையில் சேர்ந்த இக்கப்பலே உலகில் கண்ணாடி இழையால் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பல். நீளம் 153 அடி. நெய்த கண்ணாடி இழைத் துணியை ரெசினில் தோய்த்து, அச்சினுள் படலம் படலமாக அடுக்கி இறுகவிடும் முறை. நம் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்த ‘ஃபைபர் போட்’ எதனால் ஆனதோ, அதே பொருள்தான். ஒன்பது முழப் படகுக்கு ஏற்ற பொருள் போர்க்கப்பலைத் தாங்குமா என்று ஐயுற்றவர்கள் உண்டு. வெடியதிர்வில் படலங்கள் பிரிந்துவிடுமோ, தீப்பற்றினால் என்னாகும் என்பவை நியாயமான கவலைகளே. அதனால் உடலைத் தவிர வேறெதிலும் புதுமை செய்யவில்லை. வடிவம் பழைய டன் வகுப்பினுடையது. கருவிகளில் பல, உடைக்கப்பட்ட டெரிட்டன் என்னும் கப்பலிலிருந்து கழற்றி எடுத்தவை. செத்த கப்பலின் உறுப்புகளைப் புதிய தோலுக்குள் வைத்துத் தைத்ததைப் போன்ற இந்தச் சிக்கனம் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சோதனைக் கப்பலாகவே முடிந்துபோகாமல் வில்டனுக்கு ஒரு மெய்யான வேலை உடனே வாய்த்தது. 1967 போரில் மூடப்பட்ட சூயஸ் கால்வாயில் 14 வணிகக் கப்பல்கள் பெரிய கசப்பேரியில் ஆண்டுக்கணக்காகச் சிறைப்பட்டுக் கிடந்தன. 1973 போருக்குப் பின் கால்வாயைத் திறக்க முடிவானது. 1974இல் அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் பிரிட்டிஷாரும் அங்கே கூடினார்கள். பிரிட்டன் அனுப்பிய மேக்ஸ்டன், பாசிங்டன் என்னும் மரக்கப்பல்களோடு வில்டனும் சென்றது; அப்டீல் என்ற துணைக்கப்பல் உடனிருந்தது. இரு போர்களின் குப்பை அங்கே அடியில் கிடந்தது: குண்டுகள், ராக்கெட்டுகள், வாகனங்கள், இரும்புத்துண்டுகள். சோனாருக்கு எண்ணெய்ப் பீப்பாயும் ஒன்றுதான், வெடிகுண்டும் ஒன்றுதான். ஒவ்வொன்றையும் கலங்கிய நீரில் இறங்கிப் பார்த்தாக வேண்டும். 1975 ஜூன் 5 அன்று கால்வாய் மீண்டும் திறந்தது. அவ்விழாவின் புகழ் அரசியல்வாதிகளுக்குப் போனது இயல்பே.

வில்டன் வழிகாட்டிய பின் கண்ணாடி இழை வேட்டைக் கப்பல்கள் பெருகின. பிரிட்டனின் ‘ஹண்ட்’ வகுப்பு 13 கப்பல்கள். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் சேர்ந்து வடித்த வகுப்பு இன்னொன்று. 1982 ஃபாக்லாந்து போருக்குப் பின் பிரெக்கனும் லெட்பரியும் அங்கு சென்று கண்ணி அகற்றின. 1988 ஏப்ரலில் பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் சாமுவேல் பி. ராபர்ட்ஸைக் கிழித்த ஈரானியக் கண்ணியின் வடிவமைப்பு 1908ஆம் ஆண்டினுடையது என்பதை நினைத்தால், இத்தொழில் ஏன் ஓய்வதில்லை என்பது விளங்கும்.

நமக்கும் இந்தக் குடும்பத்தோடு ஓர் உறவு உண்டு. 1950களில் இந்தியக் கடற்படை வாங்கிய டன் வகுப்புக் கப்பல்களுக்குக் கண்ணனூர், கார்வார், காக்கிநாடா, கடலூர் என்று சிறு துறைமுகங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆங்கிலக் கிராமத்தின் பெயர் தாங்கி வந்த ஒரு மரக்கப்பல் கடலூர் என்று பெயர்மாறி உலவியதைப் பற்றித் தமிழில் யாரும் ஒரு பத்தி எழுதியதாக நாம் காணவில்லை. அவற்றுக்குப்பின் சோவியத் நாட்டிலிருந்து வந்த 12 கண்ணிவாரிகளில் ஒன்றும் கடலூர் என்ற பெயரையே ஏற்றது. அது 2018இல் ஓய்வுபெற்றது. அவ்வரிசையின் கடைசிக் கப்பலான கோழிக்கோடு 2019இல் விடைபெற்றபின், இத்தனை நீண்ட கரை கொண்ட நாட்டின் கடற்படையில் அவற்றின் இடம் காலியாயிற்று. அதைப் பற்றிய கவலை பாதுகாப்பு வல்லுநர்களின் கட்டுரைகளைத் தாண்டிப் பொதுவெளிக்கு வரவில்லை.

வில்டன் 1994இல் பணியிலிருந்து விலக்கப்பட்டது. எஃகுக் கப்பலானால் உருக்கலாம், மரக்கப்பலானால் எரிக்கலாம், இதை என்ன செய்வது? 2001இல் எசெக்ஸ் படகுக் கழகம் அதை வாங்கியது. தேம்ஸ் கழிமுகத்தில் லீ-ஆன்-சீ என்னும் சிற்றூரின் கரையோரம், ஓட்டப் படகுக்காரர்கள் கூடும் மிதக்கும் மன்றமாக அது நிறுத்தப்பட்டது. அங்கிருந்து கிழக்கே சில மைல் தொலைவில், அதே கரையில்தான் ஷூபரினெஸ் இருக்கிறது. ஊவ்ரி கருவிப்பெட்டியுடன் நடந்துபோன அதே சேற்றுப்பரப்பு, நீர் வற்றும்போது இரண்டு ஊர்களுக்கும் முன்னால் வெளிப்படுகிறது.